ஜங்ஷன் பாக்ஸில் பிடிக்கும் தீ: கசிவா, சூடா?

ஆசிரியருக்கு வணக்கம்.

வீடு, கடை, குடோன் என எங்கே தீப்பிடித்தாலும் செய்தியின் கடைசி வரி பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கிறது: ‘மின்கசிவே காரணம் என முதல்கட்ட விசாரணையில் தெரியவந்துள்ளது.’ வீட்டு வயரிங் வேலை செய்கிற எங்களுக்கு இந்த ஒரு சொல் நீண்ட நாளாக உறுத்துகிறது. கசிவு என்றால் கரண்ட் தன் பாதையை விட்டு வெளியே போவது. கிரைண்டரின் உடம்பில் ஏறி, எர்த் வழியாகவோ தொட்டவர் வழியாகவோ தரைக்கு இறங்குவது. ஒயரோடு இழுத்துப் பல பிளக் மாட்டுகிற பெட்டியான ஜங்ஷன் பாக்ஸ் கருகி எரியும்போது பெரும்பாலும் அப்படி எதுவும் கசிந்திருக்காது. கரண்ட் போக வேண்டிய வழியில்தான் போய்க்கொண்டிருக்கும். அந்த வழி ஒல்லியாகவோ லூஸாகவோ இருந்ததால் சூடாகி, சூடு ஏறி ஏறி பிளாஸ்டிக்கைப் பற்றவைத்திருக்கும்.

சொல்லில் என்ன இருக்கிறது என்று விட்டுவிட முடியவில்லை. கசிவு என்று படிக்கிறவர், ‘நம் வீட்டில் எதைத் தொட்டாலும் ஷாக் அடிப்பதில்லை, டிரிப்பரும் போட்டிருக்கிறோம், நமக்குப் பயமில்லை’ என்று இருந்துவிடுகிறார். அந்த டிரிப்பர்களுக்கு இந்தச் சூடு தெரியவே தெரியாது என்பதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

டிரிப்பரில் ஒரு வகையான ஆர்.சி.சி.பி. என்பது போகிற கரண்டும் திரும்பி வருகிற கரண்டும் சமமாக இருக்கிறதா என்று பார்க்கிறது. வீடுகளில் போடுவது, வித்தியாசம் 30 மில்லி ஆம்பியரை எட்டுவதற்குள் லைனைத் துண்டித்துவிடும். ஷாக்கிலிருந்து உயிரைக் காப்பது அதுதான். எல்லா வீட்டிலும் இருந்தே ஆக வேண்டும். இன்னொரு வகையான எம்.சி.பி.யின் வேலை வேறு. ஷார்ட் ஆனாலும், லோடு அளவுக்கு மேல் போனாலும் அது விழும். லோடு கொஞ்சம் மிகுந்தால் உடனே விழாது: 16 ஆம்ப் எம்.சி.பி. ஏறக்குறைய 18 ஆம்பியரை ஒரு மணி நேரம் வரை விழாமல் தாங்கும், அதன் இலக்கணமே அப்படித்தான். அது காப்பது சுவருக்குள் ஓடுகிற கெட்டியான ஒயரை. அதே பாயின்ட்டில் நீங்கள் மாட்டியிருக்கும் ஜங்ஷன் பாக்ஸின் ஒல்லி ஒயரை அது கணக்கில் எடுத்துக்கொள்வதே இல்லை.

ஒரு கணக்கைப் பாருங்கள். 2,000 வாட் இண்டக்‌ஷன் அடுப்பு 230 வோல்ட்டில் 8.7 ஆம்பியர் இழுக்கும். 16 ஆம்ப் எம்.சி.பி.க்கு அது சாதாரண லோடு. பிளக்கின் பின்னும் சாக்கெட்டின் பித்தளைப் பட்டியும் சரியாகக் கவ்வாமல், அந்த இடத்தில் ஓர் ஓமில் பத்தில் ஒரு பங்கு தடை உண்டானாலே 7.5 வாட் சூடு அங்கே பிறக்கிறது. ஜீரோ வாட் பல்பு என்று நாம் சொல்லும் பழைய குண்டு பல்பு உண்மையில் 12 முதல் 15 வாட் எடுக்கும், கையால் பிடிக்க முடியாத அளவுக்குச் சுடும். அதில் பாதிச் சூடு, கொத்தமல்லி விதை அளவு இடத்தில், பிளாஸ்டிக் பெட்டிக்குள், அடுப்பு எரிகிற நேரமெல்லாம் உட்கார்ந்திருக்கிறது. கசிவு இல்லாததால் ஆர்.சி.சி.பி. விழாது. லோடு மிகாததால் எம்.சி.பி. விழாது. அதைக் கண்டுபிடிக்க உங்கள் விரலும் மூக்கும் மட்டும்தான் இருக்கின்றன.

கருகிய பாக்ஸ் ஒன்றைத் திறந்தால் நடந்தது அப்படியே தெரியும். மூன்று நீளப் பித்தளைப் பட்டிகள் எல்லாச் சாக்கெட்டுக்கும் பொதுவாக ஓடும். துளைக்கு நேரே அவை வளைந்து பின்னைக் கவ்வும். நன்றாக இருக்கும் இடத்தில் பித்தளை மஞ்சளாக மின்னும். சூடான இடத்தில் முதலில் செம்பழுப்பாகி, பிறகு கறுத்து, விரலால் அழுத்தினால் திரும்பி எழாமல் அப்படியே படுத்துவிடும். சூட்டில் அதன் ஸ்பிரிங் குணம் போய்விட்டது என்று பொருள். கவ்வும் பிடி தளர்ந்தால் தடை கூடும், தடை கூடினால் சூடு கூடும், சூடு கூடினால் பிடி இன்னும் தளரும். ஒருமுறை இந்தச் சுழலில் விழுந்த சாக்கெட் தானாகத் தேறி வராது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தாலும், இடுக்கியால் நெருக்கினாலும் சில நாள்தான் தாங்கும். அந்தச் சாக்கெட்டைத் தூக்கிப் போட வேண்டும். அதில் மாட்டியிருந்த பிளக்கின் பின்னும் கறுத்திருந்தால் அதையும் மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் பழைய பிளக் புதுச் சாக்கெட்டையும் கெடுத்துவிடும்.

இனி வாங்குகிற விஷயம். கடையில் பெரும்பாலானோர் கேட்பது ‘எத்தனை பிளக் மாட்டலாம்’ என்றுதான். கேட்க வேண்டியது ‘ஒயர் என்ன சைஸ்’ என்று. ஒயரின் உள்ளே இருக்கும் செம்பின் குறுக்குப் பரப்பை ஸ்கொயர் எம்.எம். கணக்கில் சொல்வார்கள். 6 ஆம்ப் பாக்ஸுக்கு 0.75-க்குக் குறையக் கூடாது, 1.0 இருந்தால் நிம்மதி. 16 ஆம்ப் பாக்ஸுக்கு 1.5, தொடர்ந்து ஓடும் லோடானால் 2.5. மலிவான பாக்ஸ்களில் 0.5 அல்லது அதற்கும் குறைவாக இருக்கும். மூன்று மீட்டர் நீளமுள்ள 0.5 ஒயரில் அந்த இண்டக்‌ஷன் அடுப்பை மாட்டினால் ஒயர் மட்டுமே 17 வாட்டுக்கு மேல் சூடாகும். அதே நீளத்துக்கு 1.5 போட்டால் ஆறு வாட். கரண்ட் இரண்டு மடங்கானால் சூடு நான்கு மடங்காகும் என்பதால், ‘கொஞ்சம் அதிகம்தானே’ என்கிற பேச்சு இங்கே செல்லாது. பழைய கடைகளில் 23/76, 40/76 என்று சொல்வார்கள். முதல் எண் செம்பு இழைகளின் எண்ணிக்கை, அடுத்தது இழையின் கனம். 40/76 என்றால் ஏறக்குறைய 1.17 ஸ்கொயர் எம்.எம்.; 23/76 என்றால் 0.67 தான்.

ஒயரின் வெளிப் பருமனைப் பார்த்து ஏமாற வேண்டாம். உள்ளே செம்பைக் குறைத்து மேலே பி.வி.சி.யைத் தடிமனாக ஏற்றுவது எளிது. நல்ல ஒயரின் மேல் உறையிலேயே தயாரிப்பாளர் பெயர், சைஸ், வோல்ட்டேஜ் அளவு, ஐ.எஸ். 694 என்ற தர எண், ஐ.எஸ்.ஐ. முத்திரை எல்லாம் வரிசையாக அச்சாகியிருக்கும். ஒன்றும் எழுதாத மொட்டை ஒயர் என்றால் வாங்கவே வேண்டாம். பிளக், சாக்கெட்டுக்கான தர எண் ஐ.எஸ். 1293. ஒயரில் மட்டும் முத்திரை இருந்து பாக்ஸில் இல்லாமல் இருப்பதும் உண்டு, இரண்டையும் தனித்தனியாகப் பாருங்கள். முத்திரையோடு இருக்கும் உரிம எண்ணை ‘பி.ஐ.எஸ். கேர்’ என்ற செயலியில் போட்டால் அது யாருடைய உரிமம், எந்தப் பொருளுக்கு என்று தெரிந்துவிடும்.

செம்பு பூசிய அலுமினிய ஒயரும் சந்தையில் உண்டு. ஓர் இழையை பிளேடால் சுரண்டினால் தெரியும்: மேலே சிவப்பு, உள்ளே வெள்ளை என்றால் அலுமினியம். மேலே வெள்ளை, உள்ளே சிவப்பு என்றால் அது ஈயம் பூசிய நல்ல செம்பு, குழப்பிக்கொள்ளக் கூடாது. அலுமினியத்துக்குத் தடை ஒன்றரை மடங்குக்கு மேல். அதோடு ஸ்குரூவின் கீழே நாளடைவில் நசுங்கி லூஸாகிவிடும்.

எர்த்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கேதான் அதிகம் ஏமாற்றுகிறார்கள். பாக்ஸில் மூன்று துளை இருக்கும், பிளக்கில் மூன்று பின் இருக்கும், நடுவே ஓடும் ஒயரில் மட்டும் இரண்டே கோர், அதாவது மேல் உறைக்குள் ஓடும் உள் ஒயர், இருக்கும். எர்த் துளை வெறும் அலங்காரம். சுவிட்சில் எரியும் சிவப்பு விளக்கு கரண்ட் வருகிறது என்பதைத்தான் காட்டும், எர்த் இருக்கிறதா என்பதைக் காட்டாது. கடையிலேயே பார்த்துவிடலாம். மல்டிமீட்டரை ‘பீப்’ சத்தம் வரும் நிலையில் வைத்து, ஒரு முனையை பிளக்கின் தடித்த நீளமான பின்னில் தொட்டு, மறுமுனையை ஒவ்வொரு சாக்கெட்டின் மேல் துளையிலும் விட வேண்டும். எல்லாவற்றிலும் ஒலிக்க வேண்டும். பத்து விநாடி வேலை இது. மீட்டர் இல்லாத எலெக்ட்ரிக்கல் கடை அரிது. இரண்டு பின் பிளக் வைத்த பாக்ஸில் இந்தச் சோதனைக்கே வேலையில்லை, அதில் எர்த் இருக்க வழியே கிடையாது. மொபைல் சார்ஜருக்கு அது போதும். அயர்ன் பாக்ஸ், ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், கிரைண்டர், கம்ப்யூட்டர் போல இரும்பு உடம்பும் மூன்று பின்னும் உள்ள எதற்கும் அது ஆகாது.

பிளக்கின் எர்த் பின் மற்ற இரண்டைவிட நீளமாக இருப்பது, மாட்டும்போது முதலில் தொட்டு, கழற்றும்போது கடைசியில் விலகட்டும் என்பதற்காக. சாக்கெட்டில் நுழையவில்லை என்று அதை வெட்டி எறிகிறவர்கள் உண்டு. அதைவிட மோசமான வேலை ஒன்று நடக்கிறது: வீட்டில் எர்த் வரவில்லை என்று பாக்ஸுக்குள் கரண்ட் திரும்பிப் போகும் நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு ஒயரால் சேர்த்துவிடுவது. டெஸ்ட் லேம்ப் வைத்தால் எரியும், வேலை முடிந்த மாதிரி இருக்கும். என்றைக்காவது வழியில் நியூட்ரல் அறுந்தால், அந்த நிமிடமே ஃபிரிட்ஜின் உடம்பு முழுவதும் 230 வோல்ட் நிற்கும். இப்படிச் செய்து வைத்திருந்தால் இன்றே பிரித்துவிடுங்கள்.

துளையின் வடிவமும் முக்கியம். எந்த நாட்டு பிளக்கும் நுழையும் என்று விற்கப்படும் அகலத் துளை பாக்ஸ்கள் எந்த பிளக்கையும் உறுதியாகக் கவ்வுவதில்லை. தட்டை பின்னுக்கும் உருண்டை பின்னுக்கும் ஒரே பட்டி சரியாகப் பொருந்த முடியாது. உருண்டைத் துளை உள்ள நம் ஊர் 6 ஆம்ப், 16 ஆம்ப் சாக்கெட்டே நல்லது. பிளக்கை மாட்டினால் கொஞ்சம் இறுக்கமாகப் போக வேண்டும், பாக்ஸைத் தலைகீழாகப் பிடித்தால் தன் எடையில் விழக் கூடாது. சின்னக் குழந்தை உள்ள வீட்டில் துளைக்குள் ஷட்டர் வைத்ததை வாங்குங்கள். ‘ஸ்பைக் கார்டு’ என்ற பெயரைப் பார்த்து லோடையும் தாங்கும் என்று நினைப்பது தவறு. அது திடீரென எகிறும் வோல்ட்டேஜை அமுக்குவதற்கு மட்டுமே. லோடுக்குத் தனியாக ரீசெட் பட்டன் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த பட்டன் குதித்தால் திரும்பத் திரும்ப அமுக்காமல் எதையாவது கழற்ற வேண்டும்.

எதை மாட்டலாம் என்பதற்குக் கணக்கு எளிது. ஆம்பியரை 230-ஆல் பெருக்கினால் வாட். 6 ஆம்ப் பாக்ஸ் என்றால் எல்லாச் சாக்கெட்டும் சேர்ந்து 1,380 வாட், ஒவ்வொன்றுக்கும் அவ்வளவு அல்ல. டி.வி. 100, செட்டாப் பாக்ஸ் 15, வைஃபை 10, லேப்டாப் 65, இரண்டு சார்ஜர் 40 என்று கூட்டினாலும் 230 வாட், ஒரே ஒரு ஆம்பியர்தான் வருகிறது. ஜங்ஷன் பாக்ஸ் இதற்காகத்தான் இருக்கிறது. இதை மாட்டிவிட்டுக் கவலையில்லாமல் தூங்கலாம். 500 வாட் மிக்ஸியையும் ஐந்து நிமிடம் ஓட்டலாம். அயர்ன் பாக்ஸ் 1,000 வாட், கெட்டில் 1,500 வாட் என்று சேர்ந்தால் 2,500 வாட், பதினோரு ஆம்பியர். 6 ஆம்ப் பாக்ஸ் ஏறக்குறைய இரண்டு மடங்கு சுமக்கிறது. சுருக்கமாக, சூடாக்குவதே வேலையாக இருக்கும் எதையும் ஜங்ஷன் பாக்ஸில் மாட்டக் கூடாது. இண்டக்‌ஷன் அடுப்பு, கெட்டில், கீசர், மைக்ரோவேவ் இவற்றுக்குச் சுவரில் 16 ஆம்ப் பவர் பிளக் வேண்டும். பெரிய பிளக்கைச் சின்னச் சாக்கெட்டில் மாட்ட உதவும் கன்வர்ஷன் பிளக் ஒன்று விற்கிறது. அந்தப் பொருளுக்கு எதற்காகப் பெரிய பின் வைத்தார்களோ, அந்தக் காரணத்தையே அது அழித்துவிடுகிறது. வாங்காதீர்கள்.

ஃபிரிட்ஜும் ஏசியும் வாட் கணக்கில் சிறியதாகத் தெரியலாம். கம்ப்ரஸர் கிளம்பும் நொடியில் ஓடும் கரண்டைப் போலப் பல மடங்கு இழுக்கும். ஒல்லி ஒயரில் வோல்ட்டேஜ் இறங்கி, கம்ப்ரஸர் கிளம்ப முடியாமல் முனகும். பாக்ஸோடு ஃபிரிட்ஜும் கெடும். இரண்டையும் நேராகச் சுவர்ப் பாயின்ட்டில்தான் மாட்ட வேண்டும்.

பக்கெட்டில் போடும் ஹீட்டர் ராடு பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். குளியலறையில் பாயின்ட் இல்லை என்று ஹாலிலிருந்து ஜங்ஷன் பாக்ஸை இழுத்து, ஈரத்தரையில் வைத்து, 1,500 வாட் ராடை மாட்டுகிறார்கள். சூடு, ஈரம், எர்த் இல்லாமை மூன்றும் ஒரே இடத்தில் கூடுகின்றன. தண்ணீர் காய்ந்ததா என்று சுவிட்சை அணைக்காமல் கை விட்டுப் பார்க்கிற பழக்கமும் அதோடு சேர்ந்தால் உயிரே போகும். குளியலறைக்குள் ஜங்ஷன் பாக்ஸ் வரவே கூடாது. ராடுதான் கதி என்றால், எர்த் உள்ள சுவர்ப் பாயின்ட்டுக்குப் பக்கத்தில் உலர்ந்த தரையில் பக்கெட்டை வைத்துக் காய்ச்சி, சுவிட்சை அணைத்து, பிளக்கைக் கழற்றி, ராடை எடுத்த பிறகு தண்ணீரை உள்ளே கொண்டுபோங்கள்.

நீளத்தைப் பொறுத்தவரை எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது. இரண்டு மீட்டர் போதுமென்றால் ஐந்து மீட்டர் வாங்கி மிச்சத்தைச் சுருட்டி ரப்பர் பேண்ட் போட வேண்டாம். சுருளுக்குள் ஒரு சுற்றின் சூடு அடுத்த சுற்றை ஏற்றும், வெளியே போக வழியில்லை. சாதாரண பி.வி.சி. உறை தாங்குவது 70 டிகிரி வரைதான், நம் ஊர்க் கோடையில் அறையே 38, 40 இருக்கும். பாயின் கீழும் மெத்தையின் கீழும் ஓடும் ஒயருக்கும் இதே கதிதான். கதவிடுக்கில் நசுங்கினால் உள்ளே இழைகள் ஒவ்வொன்றாக அறுந்து, மிஞ்சிய நாலைந்து இழையில் முழு லோடும் போகும். ஒரு பாக்ஸில் இன்னொரு பாக்ஸை மாட்டினால் இரண்டின் சுமையும் முதல் பாக்ஸின் ஒரே பிளக்கில் இறங்குகிறது. அறுந்த ஒயரை முறுக்கி டேப் சுற்றி ஓட்டாதீர்கள். அறுந்த இடத்துக்கு மேலே வெட்டிவிட்டு, குட்டையான ஒயரில் புதிதாக முடியுங்கள். தரை துடைக்கும் வீட்டில் பாக்ஸ் தரையில் கிடக்கக் கூடாது, பின்பக்கத் துளையில் ஆணி போட்டுச் சுவரில் மாட்டுங்கள். அலமாரிக்குப் பின்னால் ஓடும் ஒயரை எலி கடித்திருக்கிறதா என்று ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது இழுத்துப் பாருங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் வாசலில் சீரியல் லைட் போடுகிறவர்கள் பாக்ஸை உள்ளே வைத்து ஒயரை மட்டும் வெளியே விடட்டும். ஒயர் உள்ளே வரும் இடத்தில் ஒரு தொங்கல் விட்டால் மழைத்தண்ணீர் அதன் வழியே பாக்ஸுக்குள் வராமல் கீழே சொட்டிவிடும்.

ஓரளவு வேலை தெரிந்தவர்கள் சொந்தமாகக் கட்டுவது கடைச் சரக்கைவிட நன்றாக இருக்கும். இரண்டு மீட்டர் 1.5 ஸ்கொயர் எம்.எம். மூன்று கோர் ஒயர், ஒரு 16 ஆம்ப் பிளக் டாப், பி.வி.சி. பெட்டியில் ஒரு 16 ஆம்ப் சாக்கெட்டும் சுவிட்சும் போதும். சாக்கெட்டை எதிரே வைத்துப் பார்த்தால் மேலே எர்த், வலப்பக்கம் கரண்ட் வரும் பேஸ், இடப்பக்கம் நியூட்ரல். நிறம் பேஸுக்குச் சிவப்பு, நியூட்ரலுக்குக் கறுப்பு, எர்த்துக்குப் பச்சையாக இருக்கும். புதிய ஒயர்களில் அதே வரிசையில் பழுப்பு, நீலம், பச்சை மஞ்சள் கோடு. மேல் உறையை நான்கைந்து சென்டிமீட்டர் உரித்து, கோர்களின் முனையில் எட்டு முதல் பத்து மில்லிமீட்டர் மட்டும் செம்பைக் காட்டுங்கள். எர்த் கோரை மற்ற இரண்டைவிட இரண்டு சென்டிமீட்டர் நீளமாக விடுங்கள். யாராவது ஒயரை இழுத்துப் பிடுங்கினாலும் எர்த் கடைசியாகத்தான் பிரியும். இழைகளை முறுக்கி, முடிந்தால் முனையில் பின் லக்ஸ் என்ற சின்ன உலோக முனையைப் போட்டு நசுக்கி ஸ்குரூவில் இறுக்குங்கள். முனையில் ஈயம் பற்றவைத்து ஸ்குரூவில் வைக்காதீர்கள். பார்க்க அழகாக இருக்கும், ஆனால் அழுத்தத்தில் ஈயம் மெல்ல நசுங்கி நாளடைவில் லூஸாகிவிடும். கிளாம்ப் கோர்களை அல்ல, மேல் உறையைக் கவ்வ வேண்டும். முடித்ததும் ஒவ்வொரு கோரையும் இழுத்துப் பாருங்கள். சுவிட்ச் பேஸ் ஒயரில்தான் இருக்க வேண்டும். அணைத்த பிறகும் சாக்கெட்டில் டெஸ்டர் எரிந்தால் மாறிப் போயிருக்கிறது. இரண்டு முனையிலும் பிளக் வைத்த ஒயர் மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் கட்டாதீர்கள், ஜெனரேட்டர் கரண்டை வீட்டுக்குள் விடுவதற்குக்கூட. ஒரு முனை சாக்கெட்டில் இருக்கும்போது மறுமுனையின் பின்கள் வெளியே உயிரோடு நிற்கும்.

மாட்டிய பிறகு செய்ய வேண்டிய சோதனை ஒன்றுதான். அரை மணி நேரம் முழு லோடில் ஓட்டிவிட்டு, சுவிட்சை அணைத்து, பிளக்கைக் கழற்றி உடனே பின்களைத் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு பரவாயில்லை. விரலை வைத்திருக்க முடியவில்லை என்றால் அந்த பாக்ஸ் அந்த லோடுக்கு ஆகாது. துளையைச் சுற்றிப் பழுப்பு வளையம், ஒயர் நுழையும் இடத்தில் விறைப்பு, பிளக்கை அசைத்தால் விளக்கு மினுக்குவது, உள்ளே ‘சிர்’ என்று சத்தம் இவை எல்லாம் அதே நோயின் அடையாளங்கள். அடுப்பில் மீன் இல்லாமலே கருவாட்டு வாடை வந்தால் ஏதோ ஒரு பிளக் வேகிறது. சில வகை பிளாஸ்டிக் சூடானால் அப்படித்தான் நாறும். உடனே மெயினை அணைத்துவிட்டுத் தேடுங்கள். தீயே பிடித்துவிட்டால் பாக்ஸைத் தொடாமல், தண்ணீர் ஊற்றாமல், முதலில் மெயின், பிறகு உலர்ந்த மணல் அல்லது பவுடர் அணைப்பான். ஒருவரை ஷாக் பிடித்திருந்தால் அவரைத் தொடாதீர்கள். மெயினை அணைத்த பிறகு, அல்லது உலர்ந்த மரக்கட்டையால் விலக்கிய பிறகு, 108-ஐ அழையுங்கள்.

ஆசிரியரிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை இப்படி ஒரு செய்தி வரும்போது, மின்கசிவு என்ற சொல்லோடு முடிக்காமல், எந்தப் பொருள் எந்த பிளக்கில் மாட்டியிருந்தது, ஒயர் எங்கே கருகியிருந்தது, எம்.சி.பி. விழுந்திருந்ததா என்று நிருபரைக் கேட்டு எழுதச் சொல்லுங்கள். தெரியாத நிலையில் ‘மின்சாரக் கோளாறு, காரணம் விசாரிக்கப்படுகிறது’ என்று போடலாம். உங்கள் பத்திரிகையைப் படிக்கிற வீட்டில் அந்த விவரத்தைப் பார்த்த ஒருவர் எழுந்துபோய்த் தன் வீட்டு பிளக்கைத் தொட்டுப் பார்ப்பார்.

இப்படிக்கு,
வீட்டு மின்பணியாளர்கள் சிலர்,
மதுரை.